ஒரு மூச்சு இடைவெளி

பதினான்காம் அத்தியாயம்

மூன்று டிக்கெட்டும் நிஜம்தான். அவள் நீட்டியதை வாசலில் இருந்த பெண் வாங்கி, ஒவ்வொன்றாக மெஷினுக்குக் காட்டினாள். மூன்று முறையும் பச்சை விளக்கு எரிந்தது. அனுப்பியது யார் என்பது மட்டும் அந்த மெஷினுக்கும் தெரியவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் பெயரில்லாத கவரில் அவள் வீட்டுக்கு வந்த டிக்கெட்டுகள். இன்றைய தேதிக்கு மட்டும்தான் செல்லும். நாளைக் காலை பத்தரை மணிக்குக் கோர்ட். ஏழு வருஷமாகக் கண்ணில் படாத, காதில் விழாத அவளுடைய புருஷனை இனி இல்லாதவன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று நீதிபதி எழுதித் தரப்போகும் நாள். அவள் கையெழுத்துப் போட வேண்டும். அவளுடைய அண்ணன் சாட்சிக் கூண்டருகே சக்கர நாற்காலியை நிறுத்திச் சத்தியம் செய்ய வேண்டும். 'ஏழு வருஷமாக அந்த ஆளைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.' அந்த ஒரு வரி போதும். அதன் பிறகு, மினி பஸ் ஓட்டும் டிரைவரை அவள் கட்டிக்கொள்ளத் தடையில்லை.

டிரைவர்தான் அவர்களைக் கேளிக்கைப் பூங்கா வாசலில் இறக்கிவிட்டான். நாற்காலியை இறக்கும்போது அவன் முதுகு பிடித்துக்கொண்டது.

"கவரை நான் அனுப்பல. நான் அனுப்பியிருந்தா என் பேரை எழுதி, கீழ கோடும் போட்டிருப்பேன்" என்றான். "ஆறு மணிக்கு வந்து ஹாரன் அடிப்பேன். வந்துடுங்க."

அவள் தலையாட்டினாள். அவளுக்கு இங்கே வர இஷ்டமே இல்லை. ஆஸ்பத்திரி லாண்டரியில் ஒரு நாள் லீவு கேட்பது கல்லில் நார் உரிப்பது மாதிரி. அதுவும் நாளைக்கு ஒரு நாள் எடுத்த பிறகு இன்றைக்கும். ஆனால் அண்ணன் பிடித்த பிடியில் நின்றான். இந்தப் பூங்கா கட்டும்போதுதான் அவன் விழுந்தான். விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. ஏழு வருஷத்தில் ஆஸ்பத்திரியைத் தவிர எங்கேயும் போக வேண்டும் என்று அவன் வாய்திறந்து கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

"சத்தியம் பண்றதுக்கு முன்னாடி அந்த இடத்தை ஒரு தடவை பார்க்கணும்" என்றான்.

வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கோமாளித் தலை. தாடை மெஷின் கெட்டுப்போய்விட்டது போல. வாய் மூடியே இருக்க, உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அம்மா, அது வாயை மூடிக்கிட்டே சிரிக்குது" என்றாள் வாலு. பதினோரு வயசு. அவளுக்கு வேறு பெயர் உண்டு. பள்ளிக்கூட ரிஜிஸ்டரைத் தவிர யாரும் அதைச் சொல்வதில்லை.

"உங்க மாமாவும் அப்படித்தான். வா."

பக்கவாட்டில் சக்கர நாற்காலிக்கென்று ஒரு இரும்புக் கேட். அதைப் பார்த்ததும் அவள் சண்டைக்குத் தயாரானாள். எங்கே போனாலும் இதே கூத்துதான். அண்ணனுடைய நாற்காலி கடையில் வாங்கியதில்லை. அவனோடு சாரத்தில் வேலை பார்த்தவர்கள் பைப்பை வளைத்து, ஒரு பழைய லாரியின் டிரைவர் சீட்டைப் பொருத்திச் செய்து கொடுத்தது. உட்கார்ந்தால் ராஜா மாதிரி இருக்கும். அகலம்தான் கூடிப்போச்சு. கோர்ட் கழிவறை, கண் ஆஸ்பத்திரி லிஃப்ட், எதற்குள்ளும் நுழையாது. சொந்த வீட்டு வாசலுக்குள்ளேயே நுழையாது. அதனால் அது எப்போதும் தெருவில், சன்னலுக்குக் கீழே, பிளாஸ்டிக் ஷீட் போர்த்திக்கொண்டு நிற்கும். அண்ணனை அவள்தான் தூக்கி உள்ளே கொண்டுபோவாள். ஈரத் துணி மூட்டை தூக்கிய கை. அண்ணன் ஒரு பாரமா.

"வாலு, அந்த வாட்ச்மேன் தம்பிகளைக் கூப்பிட்டு, பெரிய கேட்டைத் திறக்கச் சொல்லு" என்று அவள் ஆரம்பிக்கும்போதே, நாற்காலி கேட்டுக்குள் போய்விட்டது.

அவள் நின்றுவிட்டாள். இரண்டு அடி பின்னால் இழுத்தாள். மறுபடியும் தள்ளினாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போனது.

வாலு குனிந்து சக்கரத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள். "இந்தப் பக்கம் ஒரு விரல். அந்தப் பக்கம் ஒரு விரல். கரெக்டா இருக்கும்மா."

"பெரிய இடம்ல. அளவெடுத்துக் கட்டியிருப்பாங்க" என்றாள் அவள்.

"யாரை அளவெடுத்து?" என்றான் அண்ணன்.

அவள் நாற்காலியைத் தள்ளினாள்.

வேலை நாள், மப்பு வானம். கூட்டமே இல்லை. காலிக் குதிரைகள் ஏறி இறங்கிச் சுற்றிக்கொண்டிருந்தன. தண்ணீர்ச் சறுக்கில் ஆள் யாரும் சறுக்கவில்லை. தண்ணீர் மட்டும் சறுக்கியது. ஸ்பீக்கரில் ஒரே பாட்டு, முடிகிற இடத்தில் ஒரு கீச்சுச் சத்தத்தோடு திரும்ப முதலிலிருந்து. எங்கெல்லாம் படி இருந்ததோ அங்கெல்லாம் பக்கத்தில் இரும்புத் தகட்டில் ஒரு சாய்வுப் பாதை. எல்லாம் புதுசு. எல்லாவற்றிலும் நாற்காலி இரண்டு பக்கமும் ஒரு விரல் விட்டு ஏறியது.

மூன்றாவது சாய்வில் ஏறும்போது அவள் தள்ளுவதை நிறுத்தினாள். பிரேக் தளர்ந்த இடது சக்கரத்துக்கு எதிரே, சரியாக அந்தச் சக்கரம் நழுவும் இடத்தில், ஒரு சின்ன இரும்புக் கட்டை வைத்திருந்தது. வலது பக்கம் அப்படிக் கட்டை இல்லை. இடது பிரேக் தளர்ந்தது என்று அவளுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்?

மதியத்துக்கு மேல் அண்ணனுக்கு மூத்திரப் பை நிரம்பிவிட்டது. கழிவறைக் கதவும் இடித்துக்கொள்ளவில்லை. அவள் பையைக் காலி செய்து, குழாயைத் துடைத்துத் திரும்ப மாட்டினாள். அண்ணன் சுவரில் இருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கிக் கொடுத்தான். வீட்டில் இந்த வேலைக்கு அவள் அக்குளில் தோள் கொடுக்க வேண்டும். இங்கே தேவைப்படவில்லை. கம்பி வலது பக்கம் மட்டும், அவன் கை நீட்டினால் எட்டும் உயரத்தில் இருந்தது. அவனுக்கு இடது தோள்பட்டையும் விழுந்த அன்றைக்கே போய்விட்டது.

வெளியே வந்ததும் அவன் முகம் வெளுத்திருந்தது.

"என்னண்ணா, தலை சுத்துதா?"

"இந்தக் கம்பிய என் கைக்குன்னே வச்சிருக்காங்க."

"உளறாத."

"வண்டியை அந்தக் கைப்பிடிகிட்ட விடு. கிட்ட. இன்னும் கிட்ட."

சாய்வுப் பாதையின் பக்கக் கம்பி. இரண்டு பைப் சேரும் இடத்தில் வெல்டிங் வரி, மீன் செதில் அடுக்கினது மாதிரி. அண்ணன் கட்டைவிரலை அதன் மேல் வைத்து மெதுவாக நகர்த்தினான். கண்ணை மூடிக்கொண்டான். வரியின் முடிவில் சின்னதாக ஒரு கொக்கி, மேல்நோக்கி. அங்கே விரல் நின்றது.

"வலதுலேருந்து இடதுக்கு ஓடியிருக்கு" என்றான். "கடைசியில ஒரு சுழி. வேணாம்னு நூறு தடவை சொல்லியிருக்கேன். கேக்கமாட்டான். கையெழுத்து போடற மாதிரி போடுவான்."

அவளுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நின்றாள்.

அவள் புருஷன் இடக்கை வெல்டர். சாரத்தில் அவன் பெயரே இடக்கைதான். வீட்டில் அவன் செய்து போட்ட இரும்புக் கட்டில் இன்னும் இருக்கிறது. அண்ணன் படுப்பது அதில்தான். அதன் நாலு காலிலும் அந்தச் சுழி உண்டு. தரை துடைக்கும்போது தினமும் அவள் விரலில் இடறும்.

"பழசா இருக்கும்" என்றாள்.

"துருப்பிடிக்கல. பெயிண்டு ஒரு பூச்சுதான். மூணு நாலு மாசம். அதுக்கு மேல இருக்காது."

"உலகத்துல வேற இடக்கை வெல்டரே கிடையாதா?"

"இருப்பான். அவனுக்கு என் வண்டியோட அகலம் எப்படித் தெரியும்?"

பாட்டு முடிந்து, கீச்சென்று கத்தி, முதலிலிருந்து தொடங்கியது.

அண்ணன் விழுந்த அன்றைக்கே அவள் புருஷன் காணாமல் போய்விட்டான்; நாற்காலி செய்ததே அதற்குப் பிறகுதான். அவன் அதைப் பார்த்ததே இல்லை. பார்த்திருக்க வழியில்லை.

அப்போதுதான் போன மழைக்காலம் அவள் நினைவுக்கு வந்தது. ஒரு காலையில் பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்தபோது நாற்காலியின் அச்சில், கைப்பிடியில், கால்மிதியில் சாக்பீஸ் கோடுகள். சின்னச் சின்னதாய், நேர்நேராய். வாலுதான் கிறுக்கிவிட்டாள் என்று முதுகில் இரண்டு வைத்தாள்.

"வாலு, அந்த சாக்பீஸ் கோடு..."

"நான் போடலைன்னு அன்னைக்கே சொன்னேன்ல? நீதான் அடிச்ச." வாலுவுக்கு அந்த அடி இன்னும் ஆறவில்லை. "யாரும்மா போட்டது?"

"பேசாம வா."

யாரோ சன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, உள்ளே மூன்று பேர் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, ஷீட்டை விலக்கி அளவெடுத்திருக்கிறான். கதவைத் தட்டவில்லை. அளவை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

"கிளம்பலாம்ணா. போதும்."

"ஜெயன்ட் வீலைப் பார்க்கணும்."

"அண்ணா..."

"நான் விழுந்த இடத்தை நான் பார்க்காம போகமாட்டேன். நீ தள்ளலேன்னா இவ தள்ளுவா."

"நான் தள்ளுவேன்" என்றாள் வாலு. அவளுக்கு ராட்டினத்தில் ஏற வேண்டும். அவ்வளவுதான் கதை.

ராட்சத ராட்டினம் பூங்காவின் கடைசிக் கோடியில் நின்றது. ஒரு பக்கம் ஒற்றை இரும்புக் குழாய்த் தூண், நாலு பேர் கைகோத்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாத தடிமன். கூண்டுகள் காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கழுத்தில் விசில் தொங்க ஒரு ஆபரேட்டர் ஸ்டூலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். நாற்காலியைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"வந்துட்டீங்களா" என்றான்.

"எங்களைத் தெரியுமா?" அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"இல்லக்கா, வண்டியச் சொன்னேன். இந்தப் பதினேழாம் நம்பர் கூண்டு சக்கர நாற்காலிக்குன்னு மாத்திப் போட்டது. மாத்தி மூணு மாசம் ஆச்சு. இதுவரைக்கும் பொருந்தற நாற்காலி ஒண்ணும் வந்ததில்ல. வந்த ஒண்ணு ரெண்டும் சின்னது, அதுல கொக்கியே மாட்டல. கடகடன்னு ஆடுதுன்னு இறக்கிட்டேன். இது என்னடான்னா, செஞ்சு வச்ச மாதிரி உக்காருது பாருங்க."

நான்கு கொக்கியும் நான்கு பைப்பில் போய் விழுந்தன. க்ளிக், க்ளிக், க்ளிக், க்ளிக்.

"மாத்திப் போட்டது யாரு?" என்றான் அண்ணன்.

"கான்ட்ராக்ட் ஆளுங்க. பூங்கா மூடினப்புறம் வருவாங்க, திறக்கறதுக்கு முன்னாடி போயிடுவாங்க. ஒருத்தன் மூஞ்சியையும் நான் பார்த்ததில்ல. ஏறுங்கக்கா, குழந்தையை நடுவுல உக்கார வைங்க."

கூண்டு நகர்ந்தது. வாலு கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டாள். கீழே குதிரைகள் பொம்மையாயின, கோமாளித் தலை பட்டாணியாயிற்று. அண்ணன் வெளியே பார்க்கவில்லை. தூணையே பார்த்துக்கொண்டு வந்தான். பாதிக்கு மேல் போனதும், தூணில் ஒரு வட்டத் தகடு வைத்து மூடிய இடம் தெரிந்தது.

"அதான்" என்றான். "அந்த ஓட்டைதான்."

உச்சியில் கூண்டு நின்றது. கீழே யாரையாவது ஏற்றுகிறானோ என்று அவள் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. காற்று கூண்டை லேசாக ஆட்டியது. பாட்டு இந்த உயரத்துக்கு எட்டவில்லை.

டங், டங்.

இரும்பில் இரும்பு. கூண்டின் தரை வழியாக அவள் பாதத்தில் ஏறியது அந்தச் சத்தம்.

ஒரு மூச்சு விடும் நேரம்.

டங்.

வாலு திரும்பினாள். "மாமா! நம்ம தட்டு!"

அவர்கள் வீட்டில் அது தினப்படிப் பாஷை. சாரத்தில் பழகிய பழக்கம். அண்ணன் வாயால் கூப்பிடமாட்டான். ரிங் ஸ்பேனரால் கட்டிலில் தட்டுவான். ஒரு தட்டு, நிறுத்து. டிவி, மிக்ஸி, வாலுவின் வாய், எதுவானாலும். இரண்டு தட்டு, தூக்கு. மூன்று, இறக்கு. அவ்வளவுதான் அகராதி.

டங், டங். ஒரு மூச்சு. டங்.

"ரெண்டு, அப்புறம் ஒண்ணு. இது நம்ம லிஸ்டுலயே இல்லையே மாமா. இது என்னது?"

அண்ணன் எங்கே போனாலும் மடியில் வைத்திருக்கும் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். நாற்காலியை விட்டு நழுவி விழுந்துவிடுவான் போல இருந்தது.

"அண்ணா. என்னது இது?"

"இரும்பு. பொழுது சாஞ்சா இரும்பு சுருங்கும். சத்தம் வரும்."

"வாலுவுக்குச் சொல்ற பதிலை எனக்குச் சொல்லாத."

கீழே ஆபரேட்டர் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்ப்பது தெரிந்தது.

"உள்ளே ஆள் இருக்கு, அசைக்காதே" என்றான் அண்ணன். "அதான் அர்த்தம். தூணுக்குள்ள போய் போல்ட் முடுக்கறப்ப, கீழ விஞ்ச்சுல, அதான் மேடையை ஏத்தி இறக்கற மெஷின்ல, நிக்கறவனுக்குச் சொல்றது. ரெண்டு தட்டணும், ஒரு மூச்சு விடணும், அப்புறம் ஒண்ணு. எனக்கும் மாப்ளைக்கும் மட்டும்தான் தெரியும். நாங்களா வச்சுக்கிட்டது. மத்தவனுங்க எங்களைப் பார்த்து, மச்சானும் மாப்ளையும் இரும்புல குசுகுசுன்னு பேசிக்கிறானுங்கன்னு சிரிப்பானுங்க."

"சரி."

"அன்னைக்கு நான் அந்த ஓட்டைக்குள்ள பாதி போயிட்டேன். ஒரு கால் தொங்கு மேடையில. கீழ விஞ்ச்சுல அவன். தட்டினேன்."

"ரெண்டும் ஒண்ணும்."

"ரெண்டும் ஒண்ணும்." அவன் எச்சில் விழுங்கினான். "டீ வந்துடுச்சுன்னு கீழ கத்தினானுங்க. அவசரம். மூச்சு விடல."

அவளுக்கு ஒரு நொடி ஆயிற்று.

ரெண்டும் ஒண்ணும், நடுவில் மூச்சு இல்லாவிட்டால், மூன்று.

மூன்று தட்டு, இறக்கு.

அவன் இறக்கினான். சொன்னதைத்தான் செய்தான்.

"விசாரணையில கேட்டாங்களே" என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நானும் பக்கத்துல நின்னேன். நீ சொன்ன..."

"நான் மூணு தட்டலைன்னு சொன்னேன். அது பொய் இல்ல."

"பொய் இல்ல."

"ரெண்டும் ஒண்ணும்ங்கற அந்த நாலாவது தட்டு அவங்களுக்குத் தெரியாது. நான் சொல்லல. முதல்ல வலி. அப்புறம் பயம். அப்புறம் நாளாயிடுச்சு. நாளானப்புறம் எப்படிம்மா சொல்றது?"

வாலு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா அழுவாள் என்று நினைத்தாள் போல, கைக்குட்டையைத் தேடினாள். அவள் அழவில்லை.

"ஏழு வருஷம்" என்றாள் அவள். "குடிச்சிட்டு விஞ்ச்சுல நின்னான்னு ஊரே சொல்லுச்சு. நானும் நம்பினேன். என் புருஷன் செஞ்ச பாவத்தைக் கழுவறேன்னு உன் மூத்திரத்தைக் கழுவினேன். வேற எதுக்கு? ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள உங்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டே கழுவினேன். நீ படுத்துக்கிட்டுப் பார்த்துக்கிட்டிருந்த."

"தங்கச்சி..."

"கழுவியிருக்க மாட்டேன்னா சொல்றேன்? கழுவியிருப்பேன். நீ என் அண்ணன். ஆனா தலை நிமிர்ந்து கழுவியிருப்பேன்."

டங், டங்.

மூச்சு. இந்த முறை ரொம்ப நீளமான மூச்சு. எதிரே இருப்பவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. பார், இப்படித்தான் இடைவெளி விடணும் என்கிற மாதிரி.

டங்.

அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டான். கூண்டு ஒரு குலுங்கு குலுங்கி, இறங்கத் தொடங்கியது.

கீழே ஆபரேட்டர் கொக்கிகளைக் கழற்றினான். "சாரிக்கா, சும்மா சும்மா நின்னுடுது. பயந்துட்டீங்களா?"

"தூணுக்குள்ள யார் இருக்கா?" என்றாள் அவள்.

"தூணுக்குள்ளயா?" அவன் சிரித்தான். "உள்ள யாரும் போக முடியாதுக்கா. கீழ ஒரு கதவு இருந்துச்சாம். கட்டும்போது யாரோ மேலேருந்து விழுந்துட்டாராம். அன்னைக்கே ராசி சரியில்லைன்னு மேல ஓட்டையையும் கீழ கதவையும் சேர்த்து வெல்டு வச்சு மூடிட்டாங்க. மறுபடி திறக்கவே இல்ல. வேணும்னா போய்ப் பாருங்க, அந்தப் பக்கம் இருக்கு."

விழுந்தவன் தன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

தூணைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இங்கே சிமெண்டுத் தரை இல்லை, புல். நாற்காலி திணறியது. இடுப்புயர இரும்புக் கதவு, குனிந்துதான் நுழைய முடியும். சுற்றிலும் வெல்டிங். அதன் மேல் பூச்சுக்கு மேல் பூச்சாய் ஏழு வருஷப் பெயிண்ட். அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை, ஒரு விரிசல் இல்லை. ஒரு எறும்பு போக வழியில்லை.

"தொட்டுப் பாரு" என்றாள் அண்ணனிடம்.

அவன் கட்டைவிரலை ஓட்டினான். பாதியில் எடுத்துவிட்டான்.

"அவன் கை இல்ல. எவனோ அவசரத்துல அப்பினது."

"அன்னைக்கு அவர் கேட்டுக்கு வெளியே ஓடினதைப் பார்த்தது யாரு?"

"காவலாளி."

"மூஞ்சியைப் பார்த்தானா?"

"புழுதி. யாரோ ஓடினான்னுதான் சொன்னான்." அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் கீழ விழுந்தப்ப, என்னைத் தூக்க முதல்ல ஓடி வரவேண்டியவன் அவன்தான். வரல. ஓடிட்டான்னு நினைச்சேன். இல்ல... நான் உள்ள மாட்டிக்கிட்டேன்னு நினைச்சு, என்னைத் தேடி இந்தக் கதவு வழியா..."

உள்ளே ஆள் இருப்பது தெரியாமல்தான் அன்றைக்கே கதவை வெல்டு வைத்து மூடினார்களா?

மூன்று மாசத்துக்கு முன் போட்ட சாய்வுப் பாதையில் அவன் கை இருக்கிறது. ஏழு வருஷமாய் மூடிக்கிடக்கும் தூணுக்குள் அவன் தட்டு இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளாக இருக்க முடியாது. நாளைக் காலை பத்தரைக்கு இதில் ஒன்றையும் சொல்லாமல், தகவல் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும்.

தூரத்தில் வாசல் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. நீளமாக ஒன்று. டிரைவர். நேரம் தவறாத மனுஷன்.

அவள் அண்ணனின் மடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். வருஷக்கணக்காய் நீராவியில் வெந்து தடித்த உள்ளங்கை. அந்த இரும்பின் குளிர்ச்சி அதற்குள்ளும் இறங்கியது.

"என்னம்மா பண்ணப் போற?" என்றாள் வாலு.

"உங்கப்பன் தட்டினா பதில் தட்டணும்ல."

கதவின் நடுவில் ஓங்கித் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நடுவில் மூச்சே விடவில்லை. வேண்டுமென்றேதான் விடவில்லை. யார் கேட்டாலும் வேறு அர்த்தம் வந்துவிடக் கூடாது.

இறக்கு. இறங்கி வா.

தூண் அதிர்ந்து அடங்கியது. புல் அசையவில்லை. ஸ்பீக்கர் பாட்டு முடிந்து, கீச்சென்றது. திரும்பத் தொடங்கவில்லை. இன்று முழுவதும் அந்தப் பாட்டு ஓய்ந்தது இப்போதுதான்.

அண்ணன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தான். அவள் காதைக் கதவில் வைத்தாள். பெயிண்டு சில்லென்றிருந்தது. முதலில் அவள் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது. பிறகு உள்ளே, மிகவும் உள்ளே, ஏணிப் படியில் ஒரு கால் எடுத்து வைக்கிற மாதிரி. பிறகு இன்னொரு படி. கிட்டே வருகிறதா, தள்ளிப் போகிறதா என்று தெரியவில்லை.

பிறகு அதுவும் நின்றது.

அவள் கன்னத்துக்கு நேரே, இரும்புக்கு அந்தப் பக்கம், ஒரே ஒரு தட்டு.

டங்.

அவள் துள்ளி விலகினாள். வாசலில் ஹாரன் மறுபடியும் அடித்தது. இந்த முறை இரண்டு.

வாலுவுக்கு அகராதி மனப்பாடம். அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, ஒண்ணுன்னா நிறுத்து. எதைம்மா நிறுத்தச் சொல்றாரு?"